கடல் கடந்த மழலை

பிள்ளை குப்புறக் கவிழ்ந்தது, தலை தூக்கிப் பார்த்தது, பல் அரும்பியது, எழுந்து நின்றது. இவை நாளேடுகளில் இடம்பெறும் செய்திகள் அல்ல. எல்லா நாடுகளிலும், எல்லா நாள்களிலும், எண்ணற்ற இல்லங்களில் நிகழ்ந்துகொண்டே இருப்பவை. ஆயினும் பெற்றெடுத்தவர்களுக்கு இவற்றினும் பெரிய செய்தி பிறிதொன்று உண்டோ? ஆட்சி மாறுவதையும் விலைவாசி ஏறுவதையும் அமைதியாகக் கேட்டுக்கொள்ளும் மனிதர், தம் மகவுக்கு முதற்பல் முளைத்ததைக் கண்டதும் அண்டை வீட்டுக் கதவைத் தட்டுகிறார்.

நல்லடியார்கள் தம் இறைவனிடம் எதை வேண்டுவார்கள் என்று திருக்குர்ஆன் எடுத்துரைக்கும் இடத்தில் (25:74), தம் இல்லத்தாரையும் மக்களையும் கண்குளிர்ச்சியாக்கித் தருமாறு அவர்கள் கேட்பதைக் காண்கிறோம். செல்வம் என்றும் துணை என்றும் கூறாமல் கண்குளிர்ச்சி என்று கூறியதன் நயம் எண்ணியெண்ணி மகிழத்தக்கது. கண் குளிர வேண்டுமானால் கண் காண வேண்டும் அன்றோ? பேழையில் வைத்து ஆற்றில் விடப்பட்ட மூஸா (அலை) அவர்கள் மீண்டும் தம் தாயிடம் வந்து சேர்ந்த மகிழ்ச்சியையும் திருமறை (28:13) இதே சொல்லால்தான் குறிக்கிறது. குழந்தை அரண்மனையில் நலமாக இருக்கிறது என்ற செய்தி அந்த அன்னைக்குப் போதவில்லை. மடியில் வந்து சேர்ந்த பிறகே அவர்தம் கண் குளிர்ந்தது.

பிழைப்பின் பொருட்டு நாடு விட்டு நாடு செல்லும் நம் குடும்பங்களில் இக்கண்குளிர்ச்சி இரு கூறாகிவிடுகிறது. குழந்தை ஒரு கரையில் வளர்கிறது. அதைக் காணத் துடிக்கும் கண்களுள் பல மறு கரையில் காத்திருக்கின்றன. எங்கள் மகளின் முதல் ஈராண்டுகளை அயல்நாட்டில் கண்டு களித்தவர்கள் என்ற முறையில், அக்களிப்பின் இனிமையையும் அதனுள் இருந்த குறையையும் குறித்துச் சில சொல்ல விழைகிறோம்.

இரண்டு மலைகளின் அடியில்

எங்கள் ஊர் ராயக்கோட்டை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில், கருநாடக எல்லையை அடுத்த மேட்டு நிலத்தில், பாறை மலையொன்றின் அடிவாரத்தில் அமைந்தது. மலைமேல் பழைய கோட்டை; மலையடியில் தக்காளிச் சந்தை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே தெருவில் புழங்கும் ஊர். 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்த பின்னர், எங்கள் பக்கத்து இளைஞர்கள் பலர் காலையில் ஆலைக்குச் சென்று மாலையில் வீடு திரும்பும் வாழ்க்கைக்குப் பழகினர். பெங்களூருக்குச் செல்வோரும் வார இறுதியில் பிள்ளைகளின் முகம் பார்த்துவிடுவர்.

கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம், நாகூர் முதலிய கடற்கரை ஊர்களின் நிலை வேறு. கொழும்புக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ரங்கூனுக்கும் கப்பல் ஏறிய தலைமுறைகள் அங்கு உண்டு. ‘சபுர்’ என்ற சொல்லும் ‘சபுராளி’ என்ற பெயரும் அம்மக்களின் அன்றாட வழக்கில் கலந்தவை. கடலைக் காணாத எங்கள் மேட்டு நிலத்து மக்களுக்கோ அது புதிய சொல். அதன் பொருளும் புதியது. அப்பொருளை எங்களுக்குக் கற்பித்தது மஸ்கட்.

மஸ்கட்டும் மலைகள் சூழ்ந்த நகரம்தான். ஆனால் புல் பூண்டற்ற பழுப்புப் பாறைகள். அந்நகரின் துறைமுகத்தை அடுத்த மத்ராப் பகுதியில், மூன்றாம் மாடியில் இரண்டு அறைகள் கொண்ட வீடு எங்களுடையது. எங்கள் மகள் பிறந்தது ராயக்கோட்டையில், நன்னி வீட்டில். ஏழாம் நாள் அகீகா கொடுத்து, முடி இறக்கி, அதன் எடைக்கு வெள்ளி மதிப்பிட்டுத் தருமம் செய்தோம். நாற்பது கழிந்தது. நான்காம் மாதம் விமானம் ஏறினோம். பெங்களூரிலிருந்து மஸ்கட்டுக்கு ஏறத்தாழ மூன்றரை மணி நேரப் பயணம். அந்த நேரத்தில் எங்கள் ஊரிலிருந்து சென்னைக்குக்கூடப் பேருந்தில் போய்ச் சேர இயலாது. அருகில்தானே இருக்கிறது என்று எங்களை நாங்களே தேற்றிக்கொண்டோம். ஆனால் வாசலில் குழந்தையைக் கைமாற்றிக் கொடுத்த பின்னும் நன்னியின் கைகள் நெடுநேரம் ஏந்திய நிலையிலேயே இருந்ததை நாங்கள் மறக்கவில்லை.

ஐந்தாம் மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் முற்பகல், மகள் குப்புறக் கவிழ்ந்தாள். எங்களுள் ஒருவர் அலுவலகத்தில் இருந்தார். மற்றவர் அடுப்படியில் இருந்தார். முனகல் கேட்டு ஓடிவந்து பார்த்தால், மல்லாந்து கிடந்த பிள்ளை மார்பை நிலத்தில் ஊன்றித் தலையை உயர்த்தி, உலகையே வென்றவள் போல நோக்குகிறாள்! கண்டவர் உள்ளம் பூரித்து, யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று திரும்பினார். அறையில் ஆளில்லை. குளிரூட்டும் பொறியின் ஓசை மட்டுமே இருந்தது.

ராயக்கோட்டையாயிருப்பின் நன்னி வந்திருப்பார். திண்ணையில் இருக்கும் நன்னா எழுந்து வந்திருப்பார். எதிர்வீட்டு உருதுக்காரப் பெரியம்மா ‘மாஷா அல்லாஹ்’ என்று திருஷ்டி கழித்திருப்பார். பக்கத்து வீட்டுத் தெலுங்கு பேசும் அக்கா தம் மகன் எந்த மாதம் கவிழ்ந்தான் என்று கணக்குச் சொல்லியிருப்பார். நிக்காஹ் நிறைவேறச் சாட்சிகள் வேண்டும் என்பது மார்க்கச் சட்டம். மகிழ்ச்சி நிறைவேறவும் சாட்சிகள் வேண்டும் என்பதை அன்று உணர்ந்தோம். அயல்நாட்டில் பெற்றோரின் களிப்புக்கு ஒரு குறையும் இல்லை. அதைப் பகிர்ந்துகொள்ளும் கண்களுக்குத்தான் பஞ்சம்.

பருவங்களும் மாதக் கணக்கும்

அன்று முதல் ஒரு வழக்கத்தை மேற்கொண்டோம். மஸ்கட்டில் இரவு ஏழரை மணி என்றால் ராயக்கோட்டையில் ஒன்பது. இஷாத் தொழுகை முடித்து, உணவருந்தி, நன்னியும் நன்னாவும் கைப்பேசியின் முன் அமர்வர். அன்றன்று பிள்ளை செய்தவற்றை நாங்கள் காட்டுவோம். பிள்ளைகளோ கேட்டவுடன் செய்து காட்டுபவர்கள் அல்லர். பகலெல்லாம் கை கொட்டியவள் கைப்பேசியைக் கண்டதும் அதைப் பிடித்துக் கடிக்கவே முயல்வாள். நன்னி கண்டதெல்லாம் பல நாள்கள் பேத்தியின் உள்நாக்கு மட்டுமே! அதைக் கண்டும் அவர் மகிழ்ந்தார்.

ஒன்பது மாதம் நிறைந்தது. பிள்ளை தவழவில்லை. உட்கார்ந்தவாறே புட்டத்தைத் தேய்த்துத் தேய்த்து அறையின் இக்கோடியிலிருந்து அக்கோடிக்குச் சென்றுவிடுவாள். எங்களுக்கு அது வேடிக்கையாயிருந்தது. நன்னிக்கோ கவலை. “தவழாத பிள்ளை நடக்குமா? நல்லா காட்டிப் பாருங்க” என்று நாள்தோறும் கேட்பார். தொலைவில் இருப்போரின் கவலை அருகில் இருப்போரின் கவலையைவிடப் பெரியது. தொட்டுப் பார்த்துத் தேறுதல் அடையும் வழி அவர்களுக்கு இல்லை அல்லவா?

மழலையின் வளர்ச்சியைப் படிப்படியாக வகுத்துக் காண்பது தமிழருக்குப் புதிதன்று. பிள்ளைத்தமிழ் என்ற இலக்கிய வகை முழுவதும் அக்கணக்கின் மீது எழுப்பப்பட்டதே. ஐந்தாம் மாதம் செங்கீரை: ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலை நிமிர்த்தி அசைதல். ஏழாம் மாதம் தாலாட்டுக் கேட்டல். ஒன்பதாம் மாதம் சப்பாணி, அதாவது கை கொட்டுதல். பதினோராம் மாதம் முத்தம். பதின்மூன்றாம் மாதம் வருகை: தளர்நடையிட்டு வருமாறு பிள்ளையை அழைத்தல். நம் முஸ்லிம் புலவர்கள் நபிநாயகம் (ஸல்) அவர்கள் மீதும், முகியித்தீன் ஆண்டகை மீதும், பாத்திமா நாயகியார் மீதும் இவ்வகையில் பாடியுள்ளனர். ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் இறுதி மூன்று பருவங்கள் வேறுபடும்; முதல் ஏழும் பொதுவானவை. ஆணாயினும் பெண்ணாயினும் பிள்ளை தவழ்வதும் கொட்டுவதும் நடப்பதும் ஒரே மகிழ்ச்சியே என்பதை இதனினும் அழகாக எவரே உரைக்க வல்லார்?

புலவர்கள் ஒரு மாதத்தைக் குறித்தனர். இன்றைய மருத்துவ அறிவியல் ஓர் இடைவெளியைக் குறிக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் 816 குழந்தைகள் எந்தெந்த வயதில் உட்கார்ந்தனர், நின்றனர், நடந்தனர் என்று குறித்து வைத்தனர். துணையின்றி உட்காரும் வயது 3.8 மாதம் முதல் 9.2 மாதம் வரை. கை ஊன்றி முழந்தாளிட்டுத் தவழும் வயது 5.2 முதல் 13.5 வரை; துணையின்றி நடக்கும் வயது 8.2 முதல் 17.6 வரை. இவ்வெல்லைக்குள் முந்துவதும் பிந்துவதும் இயல்பே. அக்குழந்தைகளுள் நூற்றுக்கு நால்வருக்குச் சற்று அதிகமானோர் அவ்வாறு தவழாமலேயே நடந்துவிட்டனர் என்பதும் அதில் கண்ட உண்மை.

எங்களை வியப்பில் ஆழ்த்தியது வேறொன்று. அந்த ஆய்வுக்காக ஓமானில் குழந்தைகளைக் கவனித்த நகரம் மஸ்கட்டேதான்! இந்தியாவில் கவனித்த நகரம் தில்லி. நாங்கள் பிறந்த நாட்டுப் பிள்ளைகளும் நாங்கள் பிழைக்க வந்த ஊரின் பிள்ளைகளும் ஒரே அளவுகோலின் இரு பக்கங்களில் நின்றிருக்கிறார்கள். மருத்துவரும் பிள்ளையின் கால்களைச் சோதித்து, கவலை வேண்டா என்றார். இவற்றையெல்லாம் நன்னிக்கு எடுத்துரைத்தோம். புள்ளிவிவரங்களைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “அல்லாஹ் நாடினா நடப்பா. ஆனா நான் பக்கத்துல இருந்தா, காலுக்கு எண்ணெய் தடவி நீவி விடுவேனே!” அந்த ஒரு வாக்கியத்துக்கு எந்த ஆய்விலும் விடையில்லை.

ஒரு சொல்லுக்கு நான்கு உரிமையாளர்

பத்தாம் மாதத்தில் மகள் ஒரு சொல்லை உதிர்த்தாள். ‘தா’ என்பதே அது. மறுநாளே அதனை இருமுறை அடுக்கினாள்.

பொருள் என்ன என்பதில் வழக்கு மூண்டது. தாய்க்கு அது ‘கொடு’ என்ற தமிழ்ச்சொல். குழந்தையின் கையும் அப்போது பழத்தை நோக்கி நீண்டிருந்தது. தந்தைக்கு அது ‘அத்தா’ என்பதன் முன்னெழுத்து குறைந்த வடிவம். எதிர்வீட்டில் வாழ்ந்த ஓமானிய மூதாட்டியார், பிள்ளையைக் கண்டபோதெல்லாம் ‘வா’ என்ற பொருளில் ‘தஆல்’ என்று அழைப்பவர். தாம் கற்பித்த அரபுச் சொல்லையே பிள்ளை திருப்பிச் சொல்வதாக அவர் அடித்துக் கூறினார். அன்றிரவு கைப்பேசியில் இதைக் கேட்ட ராயக்கோட்டை உருதுக்காரப் பெரியம்மா, “தாதா என்றுதான் கூப்பிடுகிறாள், இதில் என்ன ஐயம்?” என்று தீர்ப்பளித்துவிட்டார். நன்னா மட்டும் வழக்கில் கலந்துகொள்ளவில்லை. “யாரைக் கூப்பிட்டா என்ன? நாக்கு புரண்டுச்சே, அல்ஹம்துலில்லாஹ்” என்றார்.

நான்கு மொழி புழங்கும் எல்லைப்புறத்தாருக்கு ஐந்தாவது மொழி அச்சமூட்டுவதில்லை. பால் எங்கள் தெருவில் தமிழருக்குப் பால், தெலுங்கருக்குப் பாலு, கன்னடருக்கு ஹாலு, உருது பேசுவோருக்குத் தூத். குடிக்கும் குழந்தைக்கு எல்லாம் ஒன்றே. எனினும் பிற மொழிகள் வந்து சேரும்போது தாய்மொழி நழுவிவிடக் கூடாது என்பதில் கருத்தாயிருந்தோம். வீட்டில் தமிழே பேசுவது என்று முடிவு செய்தோம். நன்னியின் தாலாட்டைக் கைப்பேசியில் பதிந்து வைத்து இரவுதோறும் கேட்கச் செய்தோம். நன்னியைத் தொட்டறியாத பிள்ளை, அக்குரலைக் கேட்டதும் தலையைத் திருப்பித் தேடும் நிலை வந்தது. அதைக் கண்ட நாளில் நாங்கள் அடைந்த ஆறுதல் சிறிதன்று.

முதலடி

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்குப் பின் எங்கள் வீட்டில் உணவருந்த வரும் சகோதரர் ஒருவர் இருந்தார். தருமபுரிப் பக்கத்தவர், கட்டட வேலையில் கம்பி கட்டுபவர். 1998-இல் வளைகுடாவுக்கு வந்தவர். இரண்டாண்டுக்கு ஒருமுறை விடுப்பு. குடும்பத்தை அழைத்து வரும் அளவுக்கு ஊதியம் ஒருபோதும் எட்டியதில்லை. ஊரில் மூன்று பிள்ளைகள். மூத்தவர் இப்போது வேலைக்குச் செல்கிறார்.

ஒரு நாள், மகள் மேசையைப் பிடித்து நின்றுகொண்டிருந்தபோது அவர் கூறினார்: “மூத்தவன் நடந்ததைக் கடிதாசியில படிச்சேன். நடுவுள்ளவ நடந்ததைப் போன்ல கேட்டேன். சின்னவன் நடந்ததைக் கைப்பேசியில பார்த்தேன். மூணையும் தொட்டுப் பார்க்கலை.” குறை சொல்லும் தொனியில் அவர் இதைக் கூறவில்லை. கணக்கு ஒப்புவிப்பவர் போலக் கூறிவிட்டு, தட்டில் இருந்த சோற்றைப் பிசையத் தொடங்கினார். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தபாலும் தொலைபேசியும் காணொளியும் வளர்ந்த வரலாறு முழுவதும் அம்மூன்று வரிகளில் இருந்தது. அவ்வளவு வளர்ச்சிக்குப் பின்னும் எட்டாமல் நின்ற தூரமும் அதில் இருந்தது.

மகளுக்குப் பதினான்கு மாதம் நிறைந்து பத்து நாள் ஆகியிருந்தது. அன்றும் வெள்ளிக்கிழமை. சகோதரர் பாயில் அமர்ந்திருந்தார். மகள் மேசைக் காலைப் பற்றி நின்றவள், அவரை உற்று நோக்கினாள். அவர் விளையாட்டாக இரு கைகளையும் நீட்டி, “வா தாயி” என்றார். பிடித்த கையை அவள் விட்டாள். ஓர் அடி. நின்று, தள்ளாடி, மற்றோர் அடி. பின்னர் இரண்டு அடிகள் விரைந்து வைத்து அவர் மார்பில் விழுந்தாள்.

அவர் அழுதார். மறைக்க முயலவில்லை. பிள்ளையை இறக்கி விட்ட பின் கிப்லாவை நோக்கிச் சஜ்தாவில் வீழ்ந்தார். எழுந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு ரியால் நோட்டை எடுத்துப் பிள்ளையின் கையில் வைத்தார். அவருடைய ஊதியத்தில் அது எத்தகைய தொகை என்பதை நாங்கள் அறிவோம். வேண்டா என்று சொல்ல எங்களுக்கு நா எழவில்லை.

பெற்றவர்கள் இருவரும் அறையில் இருக்க, பிள்ளையின் முதலடி பிறரொருவரை நோக்கிச் சென்றதில் வருத்தமுண்டா என்று பின்னர் உறவினர் சிலர் கேட்டனர். இல்லை. எங்கள் மகளின் முதலடியைக் காண ராயக்கோட்டையில் நால்வர் ஏங்கினர். தம் மக்களின் முதலடியைக் காணாத ஒருவர் மத்ராவில் எங்கள் பாயில் அமர்ந்திருந்தார். எந்த மகிழ்ச்சிக்குச் சாட்சிகள் இல்லையே என்று நாங்கள் மறுகினோமோ, அம்மகிழ்ச்சிக்கு இறைவன் தக்கதொரு சாட்சியை எங்கள் வீட்டுக்கே அனுப்பி வைத்திருந்தான்.

பதினெட்டாம் மாதம் விடுப்பில் ஊர் வந்தோம். நன்னா ஓராண்டுக்கு முன்பே தச்சரிடம் சொல்லி நடைவண்டி செய்து வைத்திருந்தார். பேத்தியோ அதன் துணை வேண்டாதவளாக ஓடிக்கொண்டிருந்தாள். முதல் மூன்று நாள்கள் நன்னியின் கைக்குச் செல்லாமல், அவர் குரல் வந்தால் மட்டும் கைப்பேசியைத் தேடினாள். நான்காம் நாள் காலையில் அக்குரல் இம்முகத்தினுடையது என்று கண்டுகொண்டாள். பிறகு எங்களிடம் வரவில்லை! நடைவண்டியும் வீண் போகவில்லை. சந்தையிலிருந்து வந்த தக்காளிகளை அதில் ஏற்றி அடுப்படிக்குத் தள்ளிச் செல்வதே விடுப்பு முடியும்வரை அவளுடைய தொழிலாயிற்று.

நமக்கு முன் சென்றவர்கள்

நம் வரலாற்றைப் புரட்டினால் இப்பிரிவு நமக்கு மட்டும் நேர்ந்ததன்று என்பது புலனாகும். இப்ராஹீம் (அலை) அவர்கள் பால்குடி மாறாத மகனையும் அன்னை ஹாஜரா அவர்களையும், ஒரு பை பேரீச்சம்பழமும் ஒரு தோல்பை நீரும் கொடுத்து, ஆளற்ற பள்ளத்தாக்கில் விட்டுச் சென்றார்கள். ஸம்ஸம் ஊற்றெடுத்த பின் ஜுர்ஹும் கூட்டத்தார் வந்து குடியேறினர். இஸ்மாயீல் (அலை) அவர்கள் அம்மக்களிடையே வளர்ந்து அவர்களிடமிருந்தே அரபு மொழியைக் கற்றார்கள் என்று புகாரியில் பதிவாகியுள்ளது. அப்பிள்ளையின் தளர்நடையைக் கண்டவர்கள் அன்னையும் அயலாருமே ஆவர். தந்தை செய்ய இயன்றது பிரார்த்தனை. அப்பிரார்த்தனையைத் திருமறை (14:37) இன்றும் நமக்கு ஓதிக் காட்டுகிறது.

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் மழலைப் பருவமும் வீட்டில் கழிந்ததன்று. தந்தையார் அப்துல்லாஹ் அவர்கள் மகன் பிறக்கு முன்பே மறைந்தார். குழந்தையைப் பாலூட்ட எடுத்துச் சென்றவர் பனூ ஸஅத் குலத்து ஹலீமா அம்மையார். ஈராண்டு நிறைந்து பால்குடி மறந்த பின் மக்காவுக்குக் கொணர்ந்து காட்டி, அன்னை ஆமினா அவர்களின் இசைவோடு மீண்டும் பாலைக்கே அழைத்துச் சென்றார். உலகுக்கு அருட்கொடையாக வந்த பிள்ளை நடை பழகியதைக் காணும் பேறு பெற்றவர் செவிலித்தாய்! உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் ‘அலிமா முலையூட்டுப் படலம்’ எனத் தனிப் படலமே அமைத்தார். மழலையின் வளர்ச்சியைக் கண்டு களிக்கும் உரிமை பெற்றவர்க்கு மட்டுமன்று, வளர்ப்பவர்க்கும் உண்டு என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமோ?

எங்கள் ஊர்க் கோட்டைக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. மூன்றாம் மைசூர்ப் போரில் 1791-இல் ராயக்கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி, திப்பு சுல்தான் தம் ஆட்சிப்பரப்பில் பாதியை இழந்தார். எங்கள் பாராமகால் பகுதியும் அதில் அடங்கும். அதே உடன்படிக்கைக்குப் பிணையாக, தம் மைந்தர்கள் அப்துல் காலிக், முயீஸுத்தீன் ஆகிய இருவரையும் காரன்வாலிஸிடம் ஒப்படைக்க நேர்ந்தது. சிறுவர்கள் சென்னைக்குக் கொண்டு செல்லப்பட்டு 1794-இல்தான் திரும்பினர். கோட்டைகளை இழந்த வீரரை வரலாறு விரிவாகப் பேசுகிறது. இரண்டாண்டுக் காலம் பிள்ளைகளின் வளர்ச்சியைக் காண இழந்த தந்தையைப் பற்றி எவர் எழுதினார்?

1973-இல் எண்ணெய் விலை ஏறியதை அடுத்து வளைகுடாவின் கதவுகள் திறந்தபோது, நம் இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் சென்றனர். கடிதம் வந்து சேரப் பல நாள்கள் ஆகும். பின்னர் ஒலிநாடா வந்தது. விடுப்பில் வருபவர் டேப் ரெக்கார்டர் கொணர்வார். வீட்டார் சுற்றி அமர்ந்து பேசிப் பதிந்து, அடுத்துப் பயணம் செல்வோரிடம் கேசட்டைக் கொடுத்தனுப்புவர். “அத்தான்னு சொல்லு, அத்தான்னு சொல்லு” என்று தாய் கெஞ்சுவதும், பிள்ளை பிடிவாதமாக வாய் திறக்காததும், முடிவில் நாடா தீரும் தறுவாயில் ஒரு சிணுங்கல் ஒலிப்பதும் அன்றைய பல வீடுகளின் கதை. அச்சிணுங்கலைக் கேட்பதற்காகவே நாடாவைப் பலமுறை சுழற்றிக் கேட்ட தந்தையர் இன்று பாட்டனார் ஆகிவிட்டனர். அவர்களுடைய உழைப்பில் எழுந்த வீடுகளில்தான் நம்மில் பலர் பிறந்தோம்.

எண்ணிப் பார்க்க வேண்டியவை

குடும்பத்தை உடன் வைத்துக்கொள்வது எல்லார்க்கும் இயல்வதன்று. ஐக்கிய அரபு நாடுகளில் 2019-இல் வகுத்த விதிப்படி, மாத ஊதியம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் இருப்பிடமும் பெறுபவரே குடும்பத்தை அழைக்க இயலும். சவூதி அரேபியாவில் 2017 ஜூலை முதல், உடன் வாழும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதித்தனர். அது ஆண்டுதோறும் ஏறி 2020-இல் 400 ரியால் ஆயிற்று. அதனால் மனைவி மக்களை ஊருக்கு அனுப்பியவர்கள் பலர். அன்று சுல்தானின் பிள்ளைகளை ஓர் உடன்படிக்கை பிரித்தது. இன்று உழைப்பாளியின் பிள்ளைகளை ஊதியப் பட்டியல் பிரிக்கிறது.

ஆயினும் இயன்ற அளவில் செய்யத்தக்கவை உண்டு. தாய்மார்கள் ஈராண்டு முழுமையாகப் பாலூட்டுவதைத் திருமறை (2:233) குறிப்பிட்டு, அக்காலத்தில் தந்தையின் பொறுப்பையும் உடன் கூறுகிறது. பிள்ளையின் வாழ்வில் அவ்விரண்டு ஆண்டுகள் திரும்பி வாராதவை. இரண்டாண்டுக்கு ஒரு விடுப்புத்தான் கிடைக்கும் எனில், திருமணத்துக்கும் வீடு கட்டுவதற்கும் ஒதுக்குவதுபோல், பிள்ளை பத்து மாதம் நிறைந்து நடை பழகும் பருவத்துக்கும் அதனை ஒதுக்கலாம் அன்றோ? ஓமானில் 2023-இல் வந்த சட்டங்கள், குழந்தை பிறந்தால் தந்தைக்கும் ஏழு நாள் ஊதியத்துடன் விடுப்பு அளிக்கின்றன. ஏழு நாள் சிறிதுதான். எனினும் தந்தையின் கண்களுக்கும் உரிமை உண்டு என்று சட்டம் ஏற்றுக்கொண்டதே பெரிது.

குடும்பத்துடன் வாழும் பேறு பெற்றவர்களுக்கும் கடமை உண்டு. ஊரில் இருக்கும் முதியோருக்குப் பிள்ளையை நாள்தோறும் காட்டுங்கள். அவர்கள் குரலைப் பிள்ளைக்குக் கேட்கச் செய்யுங்கள். அக்குரல் பிள்ளைக்குச் சேர்த்து வைக்கும் சொத்து. அவ்வளவில் நின்றுவிடவும் வேண்டா. உங்கள் தெருவிலேயே, ஓர் அறையில் எட்டுப் பேரும் பத்துப் பேருமாகத் தங்கி, தம் மக்களின் வளர்ச்சியைக் கைப்பேசியில் மட்டும் காணும் சகோதரர்கள் இருப்பார்கள். வெள்ளிக்கிழமையில் ஒரு வேளை உணவுக்கு அவர்களை அழையுங்கள். உங்கள் மழலையை அவர்கள் மடியில் விடுங்கள். அண்ணலார் (ஸல்) அவர்கள் தம் மகள் ஸைனப் (ரலி) அவர்களின் குழந்தை உமாமாவைச் சுமந்தவாறே தொழுகை நடத்தினார்கள். பின்னே நின்ற மக்கள் அனைவரும் அதைக் கண்டனர். மழலையை மறைத்து வளர்ப்பது அவர்தம் வழியன்று.

பிள்ளையின் வளர்ச்சி பெற்றோர் இருவருக்கு மட்டும் உரிய உடைமை என்று எண்ணினால் அயல்நாட்டு வாழ்வு அதனைச் சுருக்கிவிடும். பலருக்கும் உரிய அமானிதம் என்று எண்ணினால் இரு கரைகளிலும் அது கண்களைக் குளிர்விக்கும். அந்தத் தருமபுரிச் சகோதரர் சென்ற ஆண்டு வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிவிட்டார். மூத்த மகனுக்குத் திருமணம் ஆகிவிட்டதாகவும், வீட்டில் ஒரு பேரப்பிள்ளையை எதிர்பார்த்திருப்பதாகவும் செய்தி வந்தது. இம்முறை முதலடியை அவர் அருகிருந்து காண்பார், இன்ஷா அல்லாஹ்.

பிரிந்து வாழும் குடும்பங்கள் அனைத்தையும் எல்லாம் வல்ல அல்லாஹ் ஒன்றுசேர்ப்பானாக! நம் மக்களை நமக்கும், நம்மைப் பெற்றவர்களுக்கும், நம் அயலாருக்கும் கண்குளிர்ச்சியாக ஆக்கி அருள்வானாக! ஆமீன்.